யிர்தாவ் உட்கார்ந்தால் தாழி மூச்சுவிடாது

இப்போதெல்லாம் பீரைப் பாட்டிலில் வாங்குகிறார்கள். மூடியைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு அப்படியே அண்ணாந்து குடிக்கிறார்கள். யார் காய்ச்சியது, எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்டால், தேதி போட்டிருக்கிறது பெரியவரே என்கிறார்கள். எங்கள் மலைநாடான கோஜ்ஜாமில் ஊற்றுகிறவள் தன் உள்ளங்கையில் கொஞ்சம் விட்டுக் குடித்துக் காட்டினால்தான் அடுத்தவன் தொடுவான். பெற்ற தாய் ஊற்றினாலும் அப்படித்தான். இவர்கள் முகம் தெரியாத ஆலைக்காரனை நம்புகிறார்கள். அதே ஆட்கள், யிர்தாவ் இருந்த வீட்டில் எதுவும் புளிக்காது என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள்.

புளிக்காதுதான். இருபது வருடம் அப்படித்தான் இருந்தது. அவன் வாசலில் கால் வைத்தால், உள்ளே மழைத்தூறல் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்த வீட்டுப் பீரான தெல்லாவின் தாழி அடங்கிவிடும். பொங்கி நின்ற நுரை படிந்துவிடும். இஞ்ஜெரா அப்பத்துக்குக் கரைத்து வைத்த மாவு களிமண் போல ஆகிவிடும். அவன் தெருமுனையில் தெரிந்தாலே பெண்கள் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் குரல் கொடுப்பார்கள்: "யிர்தாவ் வர்றான், மாவைத் தூக்கிக் கொல்லைக்குக் கொண்டு போங்கடி." அவனும் கோபித்துக்கொள்ளாமல் தெருவின் அந்த ஓரமாகப் போவான். சந்தையில் உப்பு விலை ஏறியது போல அதுவும் பழகிப்போயிற்று.

அவன் மனைவி தாங்குத் தேஜ் காய்ச்சி விற்கிறவள். தேஜ் என்றால் தேனில் செய்கிற மது. காட்டு ஒலிவக் கட்டையின் புகையைத் தாழிக்குள் பிடித்துவிட்டு, மெழுகோடு தேனைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கேஷோக் குச்சிகளைப் போட்டு மூடுவாள். கசப்புக்கும், கெட்டுப்போகாமல் இருப்பதற்கும் கேஷோ. தாழி சூடாகவும் கூடாது, குளிர்ந்தும் போகக் கூடாது என்று அதற்குப் பழைய போர்வையைச் சுற்றிவைப்பாள். மூடியைக் கொஞ்சம் விலக்கி எரிகிற குச்சியைக் காட்டுவாள். தீ பட்டென்று அணைந்தால் தாழி மூச்சுவிடுகிறது, வேலை நடக்கிறது என்று அர்த்தம். எரிந்துகொண்டே இருந்தால் ஒன்று முடிந்துவிட்டது, இல்லையென்றால் செத்துவிட்டது.

பேரரசர் காலத்தின் கடைசியில் மழை பொய்த்தது. பூ இல்லை, தேன் இல்லை. யிர்தாவின் தேன்கூடுகள் காலி. அவனுடைய அண்ணன் கெலாவின் கூடுகளில் மட்டும் கொஞ்சம் இருந்தது, ஓடையோரத்து மரத்தில் அவை இருந்ததால். தாங்குத்தின் தாழிகள் காய்ந்து கிடந்தன. யிர்தாவ் ஒரு மாலையில் புகைப்பந்தத்தோடு அந்த மரத்தில் ஏறினான். பொறி வைக்கோல் கூட்டில் பற்றியது. பூச்சிகள் அத்தனையும் கருகின, மரமும் போயிற்று. கைக்குக் கிடைத்த தேனடையை எடுத்துக்கொண்டு இறங்கி, தூரத்துச் சந்தையில் வாங்கினேன் என்று வீட்டில் கொடுத்தான். இதெல்லாம் பிற்பாடு அவன் வாயாலேயே சொன்னது.

மாதாமாதம் புனித மீகாயேல் நாளில் நாங்கள் சில குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடுவோம். ஒரே கோப்பை எல்லோர் கைக்கும் போகும். பகை இருக்கிறவன் அதைத் தொடக்கூடாது. முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். கூடு எரிந்ததைப் பற்றி ஊரில் பேச்சு அடிபட்டதால், பாதிரியார் அபா ஸிகே அந்த மாதம் அண்ணன் தம்பி இருவரையும் எழுப்பிக் கேட்டார். யிர்தாவ் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, கூட்டை நான் தொடவில்லை என்று சொல்லிக் குடித்தான். கெலாவ் அவன் தோளில் முத்தமிட்டு, "என் தம்பி சொன்னா சரிதான்" என்றான். அடுத்து அவன் குடித்தான். எங்கள் கண்ணெல்லாம் கலங்கியது. யிர்தாவ் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போது தாங்குத்தின் தாழிகள் வரிசையாக அடங்கின.

பாவம், அவள் தன்னைத்தான் நொந்துகொண்டாள். தாழிகளைக் கழுவிக் கழுவிக் கை வெந்துபோனது. கண்ணேறு என்று பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டாள். கடைசியில் புருஷன் சந்தைக்குப் போன நாட்களில் மட்டும் நுரை எழும்புவதைக் கவனித்துவிட்டாள். "புருஷன் உள்ள வந்தா பொழப்பு வெளிய போகுது. ஓடைக்கு அந்தப் பக்கம் குடிசை போட்டுக்கய்யா, சோறு அனுப்பறேன்" என்றாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. அவனுக்குத்தான் தெரியுமே. ஓடையைத் தாண்டிப் போனான், இந்தப் பக்கம் தாழிகள் பொங்கின.

அதைவிட அவனை அரித்தது கெலாவின் அன்பு. புதிய கூடுகள் கட்டிய பிறகு ஒவ்வொரு அறுவடையிலும் முதல் அடையைத் தம்பிக்குத்தான் கொண்டுவருவான். "வாங்கிக்கடா, உன் கூட்டுல பூச்சி தங்க மாட்டேங்குது, நான் இருக்கேன்ல" என்பான். யிர்தாவ் குனிந்த தலை நிமிராமல் வாங்குவான். வருடத்துக்கு வருடம் அவன் மெலிந்தான். பேரரசர் போனார், ராணுவம் வந்தது, அதுவும் போனது, அடை வருவது நிற்கவில்லை.

ஊரும் அவனை வீணாக்கவில்லை. தெல்லா காடியாகத் திரியும்போலத் தெரிந்தால் அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள், புளிப்பு அங்கேயே நின்றுவிடும். துணிக்கடை நூரூ வீட்டுக் கல்யாணங்களில் அவன் இல்லாமல் முடியாது. அவர்கள் முஸ்லிம்கள், தேன்தண்ணீர்தான் பரிமாறுவார்கள், அது வெயிலில் தானாகவே பொங்கிப் போதையாகிவிடும். யிர்தாவ் குடத்தருகே உட்கார்ந்தால் அந்தப் பயம் இல்லை. "நம்ம யிர்தாவ் ஒரு ஆளு பத்து மௌலவிக்குச் சமம்" என்பான் நூரூ. எல்லோரும் சிரிப்பார்கள். யிர்தாவும் சிரிப்பான், பார்க்கச் சகிக்காது.

கெலாவின் மகள் மஹ்லெத் கல்லூரியில் படித்துவிட்டு வந்தாள். தாழிக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன, அவை தேனின் இனிப்பைத் தின்று காற்றை விடுகின்றன, அந்தக் காற்றில்தான் தீ அணைகிறது, போதை அவை கழிப்பது என்றாள். "அப்ப இத்தனை நாளும் எதோட கழிவைக் குடிச்சோம்?" என்றேன். "ஆமாம் தாத்தா" என்றாள் சிரிக்காமல். சித்தப்பாவைக் கண்டால் அவை ஏன் நிற்கின்றன என்று கேட்டதற்கு, பாடத்தில் அது இல்லை என்றாள். இல்லாததை இல்லை என்று சொன்னாளே, அதுவரைக்கும் சரி.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கெலாவின் முற்றத்தில் தெல்லாத் தாழிகளை இறக்கி, முளைகட்டிய பார்லியும் ரொட்டித் துண்டும் போட்டாயிற்று. காய்ச்சுவது தாங்குத். அது பொங்க வேண்டிய நாளில் கெலாவ் ஓடையைத் தாண்டிப் போய்த் தம்பியைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, தாழிகளுக்கு நடுவில், எல்லோரும் பார்க்கும்படி உட்கார வைத்தான். சத்தமெல்லாம் அடங்கிவிட்டது.

"பெரியவரே, இவரை எழுப்பி அனுப்புங்க" என்றாள் தாங்குத் கெலாவிடம். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு ரொட்டி ஊறின தண்ணியையா ஊத்தறது?"

"ஊறட்டும். என் பொண்ணு கல்யாணத்துல என் தம்பி என் பக்கத்துலதான் இருப்பான்."

யிர்தாவ் எழுந்து நின்றான். "அண்ணே, என்னைப் பக்கத்துல வச்சுக்காதே. உன் கூட்டைக் கொளுத்தினது நான்தான். கோப்பையைப் பிடிச்சுக்கிட்டுப் பொய் சொன்னேன்."

மாவு பிசைந்த கைகள் அப்படியே நின்றன. தாங்குத் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அதில் இருபது வருடத்துக் கழுவலும் இருந்தது. பிறகு, தொழில்காரி அல்லவா, ஒரு குச்சியைக் கொளுத்தித் தாழி வாயில் காட்டினாள். எரிந்துகொண்டேயிருந்தது.

"எல்லாத்தையும் சொல்லிட்டியாய்யா?"

"சொல்லிட்டேன்."

"அணையலையே."

யிர்தாவ் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். சொல்லிவிட்டால் தீரும் என்ற அந்த ஒன்றைத்தான் அத்தனை வருடமும் அவன் நம்பிக்கொண்டிருந்தான். கெலாவ் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். உன் போர்வையில மெழுகு கருகின வாடை அடிச்சுது. தெரிஞ்சேதான் அந்தக் கோப்பையைக் குடிச்சேன். வருஷா வருஷம் அடை குடுத்தேனே, பாசத்துலயா? வாங்கறப்ப உன் மூஞ்சி எப்படிச் சுருங்குதுன்னு பார்க்கத்தான். இன்னைக்கும் அதுக்குத்தான் கூட்டியாந்தேன், ஊர் முன்னாடி நீ வேகணும்னு."

"என் கல்யாணத்துலயா அப்பா?" என்றாள் மஹ்லெத்.

தாங்குத் தாழி வாயில் பிடித்திருந்த தீ அணைந்தது. முதல் தாழியில் ஒரு சொட்டுச் சத்தம், அப்புறம் இரண்டு, அப்புறம் முற்றம் முழுக்கத் தூறல். பெண்கள் மாவைத் தொடர்ந்து பிசைந்தார்கள். நேரமாகிவிட்டிருந்தது.

கல்யாணத்துத் தெல்லா நன்றாகவே ஏறியது. யிர்தாவ் தன் வீட்டுக்குத் திரும்பினான். தாழிகளின் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்கிறான். தாங்குத் அவனுக்குச் சோறு போடுகிறாள், பேசுவது குறைவு. நூரூவுக்குத்தான் நஷ்டம், இப்போதெல்லாம் தேன்தண்ணீரை அன்றன்றைக்குக் கரைக்க வேண்டியிருக்கிறது. இது மன்னிப்பின் மகிமை என்கிறார் அபா ஸிகே. அந்த வாரம் குளிர், அன்றைக்கு வெயில் அடித்தது, அவ்வளவுதான் என்கிறாள் மஹ்லெத். ஊர் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கிறது.

போன மீகாயேல் நாளில் நான் உள்ளே போனபோது அண்ணனும் தம்பியும் ஒரே பலகையில் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ஓர் ஆள் இடம். "வாங்க பெரியவரே, இங்க உக்காருங்க, இப்பதான் எல்லாம் தீர்ந்துபோச்சே" என்றான் கெலாவ், முன்பு அடை கொடுக்கும்போது சிரித்த அதே சிரிப்போடு. தீர்ந்தும் இருக்கலாம். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.