கேட்கிற நாற்காலி, சொல்கிற நாற்காலி

மணலோடையில் நாற்பத்தெட்டு வயது முடிந்தவர் வீட்டுக்கு வார்டு ஆபீஸிலிருந்து இரண்டு நாற்காலி வரும். ஒன்று கேட்கிற நாற்காலி, மற்றது சொல்கிற நாற்காலி. கேட்கிறதில் உட்கார்ந்து, "நீ எதுக்காக இருக்கே?" என்று தன்னையே கேட்க வேண்டும். எழுந்துபோய் எதிரே சொல்கிறதில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். மறுபடி கேட்கிறதுக்கு வந்து, படிவத்தில் அந்தப் பதிலை எழுதி, 'கேட்டவருக்குத் திருப்தியா?' என்ற இடத்தில் ஆம், இல்லை குறிக்க வேண்டும். நாலு நாள் தவணை. அதற்குள் ஓர் 'ஆம்' விழாவிட்டால், நோக்கம் இருந்தும் வாழ்க்கை அமையாமல் வரிசையில் நிற்கிற ஒருவருக்கு அந்த வாழ்க்கையை ஒதுக்கிவிடுவார்கள். வீடு, வேலை, பெண்டாட்டி, படுக்கிற பக்கம், டீக்கடையில் சொல்லி வைத்திருக்கிற சர்க்கரை அளவு, எல்லாம் அவருக்குப் போய்விடும். ஊரில் இதை யாரும் குறை சொன்னதில்லை. குடிதண்ணீர் விஷயத்தில்தான் குறை உண்டு.

தணிகாசலத்துக்கு நாற்காலிகள் வந்தது ஒரு புதன்கிழமை. நூல் மில்லில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். ஓவர்சியர் மாடக்கண்ணு சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கினார்.

"ஒரு கால் ஆடும். காகிதத்தை மடிச்சு அண்டை கொடுத்துக்கிடுங்க. இன்னொண்ணு, கேக்கிறதுல உக்காந்தா பொய் வராது. மரம் அப்படி."

தணிகாசலம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார். முதலில், "குடும்பத்தைக் காப்பாத்த" என்றார். எழுந்து வந்து கேட்கிறதில் உட்கார்ந்ததும், வீட்டில் யார் யாரைக் காப்பாற்றுகிறார்கள் என்பது தெளிவாகத் தெரிந்தது. இல்லை. "அறுந்த நூலை ஒட்ட" என்றார். அவர் லீவு போட்ட நாட்களிலும் நூல் ஒட்டத்தான் பட்டது. இல்லை. "நல்ல மனுசனா இருக்க" என்றபோது, கேட்கிற நாற்காலிக்கு வந்து சேர்வதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஏங்க, எடுத்த எடுப்புலயே எதுக்குப் பெருசாப் போறீங்க?" என்றாள் அவர் மனைவி செண்பகவல்லி. "எதிர்வீட்டு அண்ணாச்சி, முருங்கை மரத்துக்காகன்னாரு. அஞ்சே நிமிசம்."

"நமக்கு முருங்கை மரம் இல்லையே."

"இல்லைங்கிறதையாவது சொல்லிப் பாருங்க."

சொல்லிப் பார்த்தார். அதுவும் இல்லை.

மறுநாள், வரிசையில் முதலாவதாக நின்ற வேதமுத்து வீடு பார்க்க வந்தார். வழக்கம்தான். ஒல்லியான, பணிவான மனிதர்.

"தப்பா நினைச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி. ஒரு நடை பாத்துட்டு வரச் சொன்னாங்க" என்றபடி தணிகாசலத்தின் செருப்பைப் போட்டு நடந்து பார்த்தார். கொஞ்சம் பெரிசு. பஞ்சு வைத்தால் சரியாகும் என்றார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "மதினி, ரசத்துக்குப் பூண்டைத் தட்டிப் போடுவீகளா, அரைச்சா?" என்று கேட்டார்.

"தட்டித்தான்."

சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார்.

"உங்க நோக்கம் என்ன?" என்று தணிகாசலம் கேட்டார்.

"நம்ம ஊரு மேலக்குளம் இருக்கில்ல, அதை ஒரு தடவை திருச்செந்தூருக்குக் கூட்டிட்டுப் போயிக் கடலைக் காட்டணும் அண்ணாச்சி. பாவம், பாத்ததே இல்லை."

அவ்வளவு தெளிவாக ஒரு மனிதன் பேசித் தணிகாசலம் கேட்டதில்லை.

வேதமுத்து போன பிறகு தணிகாசலம் செருப்பைப் பழைய இடத்தில் எடுத்து வைத்தார். மில் போனால் போகட்டும். செருப்பும் போகட்டும். 'தட்டித்தான்' என்று செண்பகவல்லி அத்தனை சட்டென்று சொன்னதைத்தான் விட முடியவில்லை. இத்தனை வருஷம் அந்த ரசத்தைக் குடித்தவருக்கு அது தெரியாது. அவளை விட்டுவிட்டு எங்கே போவது? எழுந்துபோய்ச் சொல்கிறதில் உட்கார்ந்து, "செண்பகவல்லிக்காக இருக்கேன்" என்றார். இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்ததும் தன்னையே கேட்டார்: "இருபத்திநாலு வருசத்துல, சோறு ஆச்சாங்கிறதைத் தவிர அவகிட்ட என்ன கேட்டிருக்கே?"

இல்லை என்று குறித்தார்.

சனிக்கிழமை கடைசி நாள். நாலு மணிக்கு ஓவர்சியர் வருவார். மூன்றரைக்கே வேதமுத்து தகரப்பெட்டியோடு வந்து வாசலில் நின்றுவிட்டார். உள்ளே கூப்பிட்டதற்கு, "முறை இல்லை அண்ணாச்சி" என்றார். தணிகாசலம் கேட்கிற நாற்காலியில் இருந்தார். எழுந்துபோய்ச் சொல்ல அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை.

செண்பகவல்லி உள்ளி வெங்காயம் உரிக்க இடம் தேடினாள். சொல்கிற நாற்காலிதான் தோதான உயரம். மடியில் முறத்தோடு அதில் உட்கார்ந்தாள்.

நாலு நாள் பழக்கம், அவர் வாய் தன்பாட்டுக்குக் கேட்டது. "நீ எதுக்காக இருக்கே?"

அவள் தலை தூக்கவில்லை. "ஆட்டி வைக்கிற மாவு காலையில பொங்கியிருக்கணும்ல. மூடியைத் திறந்து பாக்கணும்."

"பாத்து?"

"பொங்கியிருந்தா நல்லாருக்கும்."

தணிகாசலத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கை பதிலை எழுதி, 'ஆம்' என்று குறித்தது.

மாடக்கண்ணு வந்து படிவத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். "மாவு பொங்குறதைப் பாக்க. பலே! உங்க பேருல ஏத்தியாச்சு." பிறகு செண்பகவல்லியிடம், "அம்மா, உங்க நோக்கம் இவருக்குப் போயிருச்சே. வேற ஏதாவது வச்சிருக்கீகளா?" என்றார்.

அவள் யோசித்தாள். மடியிலிருந்த உள்ளித்தோலைத் தட்டினாள். "இல்லியே."

"அப்போ உங்க வாழ்க்கையைத்தான் ஒதுக்கணும்."

வேதமுத்து பெட்டியை உள்ளே கொண்டுவந்து வைத்தார்.

"ஓவர்சியர், அதைத் திருத்திக்கிடலாமா?" என்றார் தணிகாசலம்.

"உங்களுக்குத் திருப்தி இல்லையா?"

தணிகாசலம் இன்னும் கேட்கிற நாற்காலியில்தான் இருந்தார். "திருப்திதான்" என்றார்.

"அப்போ நான்?" என்றாள் செண்பகவல்லி.

"வாழ்க்கையும் நோக்கமும் ரெண்டும் இல்லாதவங்களைத்தான் ஆபீஸ்ல வேலைக்கு எடுக்கோம். நான் சேந்து பதினோரு வருசம் ஆச்சு."

"ஞாயித்துக்கிழமை லீவு உண்டா?"

"உண்டு. போறதுக்குத்தான் இடம் கிடையாது."

அவள் முறத்தை வேதமுத்துவிடம் கொடுத்தாள். "பாதிதான் உரிச்சிருக்கு." மூக்குக்கண்ணாடியையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடக்கண்ணுவின் பின்னால் போனாள்.

வேதமுத்து நல்ல செண்பகவல்லியாக இருந்தார். பூண்டைத் தட்டித்தான் போட்டார். முதல் வாரமே குளத்தைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போய்விட்டு, கால் நிறைய மணலோடு திரும்பி வந்தார். தணிகாசலம் தினமும் காலையில் மாவு மூடியைத் திறந்து பார்த்தார். பொங்கியிருந்தது. நன்றாக இருந்தது. திரும்பி யாரிடமாவது சொல்ல வாயெடுத்து, மூடியை மூடிவிடுவார்.

பதினாறு நாள் கழித்து, திங்கட்கிழமை காலை, தள்ளுவண்டியில் ஆளுயர நாற்காலிகள் இரண்டை ஏற்றிக்கொண்டு செண்பகவல்லி வந்தார். சட்டைப்பையில் பேனா இருந்தது.

"வாங்க" என்றார் தணிகாசலம். அவரை அப்படிக் கூப்பிடுவது அதுவே முதல் தடவை.

"வீட்டுக்காரர் பேரு?"

"தணிகாசலம்."

எழுதிக்கொண்டார். "கூட யாரு?"

"செண்பகவல்லி. உள்ளே ரசம் வைக்கா."

அதையும் எழுதிக்கொண்டார்.

"எனக்குத்தான் முடிஞ்சிருச்சே" என்றார் தணிகாசலம்.

"உங்களுக்கு இல்லை. இந்த வீட்டுக்குப் போன வாரம் நாப்பத்தெட்டு முடிஞ்சிருக்கு. எல்லாரும் வெளியே வாங்க."

வேதமுத்து அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். நாற்காலிகளைக் கூடத்தில் எதிரெதிராகப் போட்டுக் கதவைச் சாத்தினார்கள். சற்று நேரத்தில் உள்ளே வீடு தன்னையே கேட்கிற சத்தம் கேட்டது. பதில் ஒன்றும் வரவில்லை.

வெயில் ஏறியது. வரிசையில் முதலாவதாக நின்ற ஒரு சின்ன நீலநிற வீடு தெருமுனையிலிருந்து வந்து, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் எதிர்ச்சாரியில் ஒதுங்கி நின்றது. அதன் நிழல் தெருவில் விழுந்தது. மூவரும் போய் அதில் நின்றுகொண்டார்கள்.