ட்ரம்மருக்கு மூச்சு வாங்குகிறது

பத்திரிகையில் வந்த ஆல்பம் விமர்சனத்தின் தலைப்பே அதுதான். கீழே இருந்த வரிகளைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீண்ட பாடல்கள் நடுவே அப்படியே நின்றுபோகின்றன. ட்ரம்மர் இளைப்பாற மற்ற மூவரும் காத்திருக்கிறார்கள் போலும். குட்டிப் பாடல்களில் இந்தக் கோளாறு இல்லை. அறுவை சிகிச்சை செய்த கைக்கு அவ்வளவுதான் தெம்பு."

அந்த ட்ரம்மர் என் தம்பி. ஆளுக்கொரு பிரபலமான குழுவை விட்டு வந்த நான்கு பேர் சேர்ந்து ஆரம்பித்த ப்ராக்ரெசிவ் ராக் குழு அது. முதல் ஆல்பத்தில் இருபது நிமிடம் ஓடும் பாட்டு மூன்று, இடையில் குட்டிப் பாட்டு நான்கு. வலது மணிக்கட்டில் ஆபரேஷன் ஆன பிறகு ஒரு வருஷம் அவன் டம்ளரைக்கூட இடது கையால்தான் தூக்கினான். இனி வாசிக்க முடியுமா என்ற பயத்தை விழுங்கிக்கொண்டு வாசித்த ஆல்பம் இது. வீட்டில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். எந்தப் பாட்டும் எங்கேயும் நிற்கவில்லை.

நேராகப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். விமர்சகர் கழுத்தில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார்.

"எங்க நிக்குது? போட்டுக் காட்டுங்க."

"காது இருக்கறவங்களுக்குக் கேக்கும்மா" என்று சிரித்துக்கொண்டே போட்டார்.

உண்மையிலேயே நின்றது. நாலு நிமிடம் ஓடியதும் கிடார், கீபோர்டு, குரல் எல்லாம் சேர்ந்தே தேய்ந்து, அடங்கி, மறுபடி எழுந்தன. வீட்டில் கேட்டதில் இது இல்லையே.

"முதல்லேர்ந்து போடுங்க."

"முதல்ல ஆல்பம் கம்பெனிக்காரங்க ஏதோ பேசுவாங்க. நான் எப்பவும் தள்ளிவிட்டுடுவேன்."

"தள்ளாதீங்க."

ஒரு பெண் குரல் பேசியது. "இது விமர்சகர்களுக்கான பிரதி. திருட்டுத்தனமாகப் பரவாமலிருக்க, நீண்ட பாடல்களில் இடையிடையே ஒலியை நிறுத்தியிருக்கிறோம். விற்பனைக்கு வரும் ஆல்பத்தில் இது இருக்காது."

விமர்சகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். "அடுத்த வாரம் ஓரமா ஒரு திருத்தம் போட்டுடலாம்மா. இதுக்குப் போய் டென்ஷன் ஆகாதீங்க."

"கையைப் பத்தி எழுதினது முழுப் பக்கம். திருத்தம் மட்டும் ஓரமா?"

நான் கத்திய கத்தலில் பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து பார்த்தார்கள். பார்க்கட்டும். இந்த லட்சணத்தில் இவருக்குக் காது இருக்கிறதாம்.

படியிறங்கும்போதே கிடார் வாசிப்பவருக்குப் போன் செய்தேன். குழுவில் அவர் வைத்ததுதான் சட்டம். நடந்ததைச் சொன்னேன்.

"தெரியும்க்கா. கம்பெனியில அப்படித்தான் அனுப்புவாங்க."

"தெரிஞ்சும் ஏன் வாயைத் திறக்கல?"

"டூருக்கு வேற ட்ரம்மர் பேசியாச்சுக்கா. பேர் கெட்டுப்போச்சே. வர்றவங்க பாட்டையா கேப்பாங்க? அவன் கையைத்தான் பாத்துக்கிட்டிருப்பாங்க."

"கூட நின்னு வாசிச்சது நீங்க. அவன் எங்கயாவது நிறுத்தினானா?"

"இல்லக்கா. ஒரு இடத்துலகூட நிறுத்தல."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். அவர் போனை வைத்த பிறகும் தெருவில் தனியாகத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

வீட்டில் தம்பி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். டூர் செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. ட்ரம்ஸை உறை போட்டு மூடிவிட்டான். நான் மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினேன். கம்பெனிப் பிரதி, பெண் குரல், அந்த ஆள் கண்ணாடி துடைத்தது, ஒன்றையும் விடவில்லை. அவன் தலையாட்டிக்கொண்டே கேட்டான். இடது கை வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

"சரிக்கா" என்றான். உறை போட்ட ட்ரம்ஸ் பக்கம் திரும்பினான்.

"ஆனா நீ மறைக்காம சொல்லு. நான் எங்கயாவது நிறுத்தினேனா?"