கழற்றிய பிறகும் வந்த பதில்

காலை எட்டு மணிக்கே கந்தளாயிலிருந்து ரெலிபோன் வந்தது. அங்கே பாடசாலை முகாமில் பதிவு வேலை பார்க்கும் கமலேஸ்வரிதான்.

"மைமூனா, கொம்பியூட்டரில பெயர்ப் பட்டியலைத் திறந்தா ஒரு சீலைக்கடையின்ர பக்கம் வருது! ஒருக்கா பட்டியல் வரும், அடுத்த தரம் பட்டுச்சீலை. இஞ்ச சனம் வரிசையில நிக்குது, மகளைத் தேடி மூண்டு நாளா வாற கலீலுர் றஹ்மானும் நிக்கிறார். நான் என்னத்தைச் சொல்ல?"

"கொஞ்சம் நில்லுங்கோ அக்கா. பாக்கிறன்."

2006 ஆவணி மாதம் அது. மூதூரில் சண்டை மூண்டு சனம் சிதறி ஓடிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. தாய் கந்தளாயில், பிள்ளை கிண்ணியாவில் என்று பிரிந்தவர்கள் ஏராளம். யார் எந்த முகாமில் இருக்கிறார் என்ற பட்டியலை ஒரு நிவாரண நிறுவனம் உட்துறைமுக வீதியிலிருந்த தன் அலுவலகத்தில் தொகுத்தது. பதினோராயிரம் பெயர்கள். அவை இருந்த சேர்வர் மட்டும் கொழும்பில், ஒரு கம்பனியின் கட்டடத்தில் வாடகைக்கு ஓடியது. அதைப் பார்த்துக்கொள்வது குறிஞ்சாக்கேணிக்காரி மைமூனாவின் பொறுப்பு.

அவள் தன் மேசையிலிருந்தபடியே சேர்வருக்குள் நுழையப் பார்த்தாள். திரையில் ஓர் எச்சரிக்கை எழுந்தது: நீங்கள் முன்பு பேசிய கணினி இதுவல்ல. பாஸ்வேர்டையும் அது ஏற்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி முயன்றாள். இம்முறை எச்சரிக்கை இல்லாமல் சேர்வர் திறந்தது. ஆனால் பாதியில் தொடர்பு அறுந்துபோனது.

அலுவலகப் பொறுப்பாளர் சோமசேகரம் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

"ஆரும் உள்ளுக்குப் பூந்திட்டாங்களோ பிள்ளை? இவ்வளவு சனத்தின்ர பெயரும் விலாசமும் கிடக்கு. பிழையான கையில போனா...?"

அந்தப் பயம் மைமூனாவுக்கும் இருந்தது. ஆனாலும் பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடுத்த முறை தொடர்பு கிடைத்ததும் கம்பனி கொடுத்த கடிதத்தைப் பக்கத்தில் விரித்து, சேர்வரின் முகவரி எண்ணை ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டாள். தகவல் வெளியே போகும் வழியின் எண்ணையும் பார்த்தாள். எல்லாம் சரி. யார் யார் உள்ளே வந்தார்கள் என்ற பதிவையும் புரட்டினாள். அவளைத் தவிர ஒருவரும் இல்லை.

"களவு இல்லை சேர். எங்கட முகவரியை வேற ஒரு கொம்பியூட்டருக்கும் குடுத்திருக்கிறாங்கள் போல. ஒரே இலக்கத்தில ரெண்டு வீடு இருந்தா தபால்காரன் என்ன செய்வான்? நினைச்ச வீட்டில போட்டிட்டுப் போவான்."

கொழும்புக்கு அழைத்தாள். மூன்றாவது தடவைதான் லைன் கிடைத்தது. மஹ்ரூப் என்ற தொழில்நுட்பவியலாளர் எடுத்தார்.

"எங்கட பக்கம் பிழை ஒண்டும் இல்ல மிஸ். நாங்க ஒரு நம்பரை ரெண்டு பேருக்குக் குடுக்கிறதில்ல."

"சரி. அப்ப எங்கட சேர்வரின்ர வயரைக் கழட்டுங்கோ."

"கழட்டினா உங்கட பட்டியல் முழுசா நிண்டிரும்."

"இப்ப மட்டும் என்ன, ஓடுதோ? கழட்டுங்கோ. பொறுப்பு என்ர."

அவர் எழுந்து போகும் சத்தம் கேட்டது. வளைகுடாவுக்கு அப்பால் ஒரு பீரங்கி ஷெல் வெடித்து யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மைமூனா ரெலிபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கழட்டிட்டன்."

அந்த எண்ணில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கும் கட்டளையை அடித்தாள். ஒரு பதில் வந்தது. இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாக வந்தது.

"மஹ்ரூப், நீங்க கழட்டின வயர் உங்கட கையில இருக்கு. ஆனா எங்கட நம்பர் எனக்குப் பதில் சொல்லுது. சொல்றது ஆர்?"

 மறுமுனையில் விசைப்பலகை தட்டும் ஒலி கேட்டது. அவர் தன் இடத்திலிருந்தே பரிசோதித்துப் பதில் தரும் கணினியைக் கண்டுபிடித்துவிட்டார். திரும்பி வந்த குரல் இறங்கியிருந்தது.

"சீலைக்கடைட சேர்வர் மிஸ். நேத்து ராவுதான் கொண்டாந்து பூட்டினது. இருபத்தேழு எண்டு போட வேண்டிய எடத்துல உங்கட நம்பர் முப்பத்தேழப் போட்டிருக்கு. போட்டது எங்கட மனேஜர். அவரு கூட்டத்துல. அவரைக் கேக்காம நான் கை வைக்க ஏலாது. பின்னேரம் பாப்பம்."

மைமூனா கோபத்தை விழுங்கினாள்.

"உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கா?"

"ஒரு மகள்."

"கந்தளாய் வரிசையில கலீலுர் றஹ்மான் எண்டு ஒருத்தர் மூண்டு நாளா நிக்கிறார். மகளைத் தேடி. பின்னேரம் வரை நில்லுங்கோ எண்டு நான் அவருக்குச் சொல்லமாட்டன். வேணுமெண்டா நீங்க சொல்லுங்கோ, முகாமின்ர ரெலிபோன் நம்பர் தாறன்."



"லைன்ல நில்லுங்க," என்றார் மஹ்ரூப். "மாத்திட்டு வாறன். மனேஜருக்கு நான் பதில் சொல்றன்."

பத்து நிமிடத்தில் இரண்டு கணினிகளும் தத்தம் எண்ணில் நின்றன. மைமூனா இருபது தடவை பட்டியலைத் திறந்து மூடினாள். இருபது தடவையும் பெயர்கள்தான் வந்தன. சோமசேகரம் கதிரையில் சாய்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பதினொரு மணிக்குக் கமலேஸ்வரி மறுபடி அழைத்தாள். "வருது, வருது. பட்டியல் சரியானதில இருந்து ஆறு குடும்பத்துக்கு ஆள் கண்டாச்சு."

"கலீலுர் றஹ்மான்?"

"அவற்ற மகளின்ர பெயர் இன்னும் இல்லை மைமூனா."

மேசை ஓரத்தில் கிண்ணியா முகாம்களிலிருந்து வந்த, இன்னும் பட்டியலில் ஏறாத பதிவுப் படிவங்கள் பிரிக்காமல் கிடந்தன. மைமூனா கட்டின் நூலை அறுத்து, முதல் படிவத்தைக் கையில் எடுத்தாள்.

"அவரை எங்கயும் போக விடாதேங்கோ அக்கா. நான் கிண்ணியாப் பெயருகளை அடிக்கத் தொடங்கிட்டன்."