ஜென்சி வண்டியின் ஜோடி வளையம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. பம்மலில் நின்றுபோன ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்கப் போய்ச் சேர்ந்த பட்டறையில் கிடைத்தது. அங்கே ஓர் அலமாரி முழுக்க ஊறுகாய் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் எண்ணெயிலோ கிரீஸிலோ மூழ்கிய ஒரு ரப்பர் வளையம், வெளியே ஒட்டிய காகிதத்தில் ஒரு வண்டி எண்.

பட்டறை நடத்தும் அக்கா விளக்கினார். எந்த எஞ்சினைப் பிரித்தாலும் கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல்களை இரண்டிரண்டாக வாங்குவாராம். ஒன்று எஞ்சினுக்குள் போகும். அதன் ஜோடி, அதே மசகைப் பூசிக்கொண்டு பாட்டிலுக்குள் போகும். உள்ளே போனதைத் திரும்பப் பார்க்க முடியாது, இதையாவது பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. ஸ்கூட்டர் தயாரான பிறகும் அரைமணி நேரம் அங்கேயே நின்றேன்.

2

முதல் தொடக்கம்: நசீருதீனின் விரல் இடுக்குகளில் எப்போதும் கிரீஸ்

(நிறுத்து. பட்டறை நடத்துவது ஒரு பெண். என் பேனா ஏன் தானாக ஓர் ஆணைக் கொண்டுவந்து உட்காரவைக்கிறது? வெட்கமாக இருந்தது.)

இரண்டாவது: ரப்பருக்கும் தாகம் உண்டு என்பதை சாஹிரா

(வாக்கியம் தன்னையே கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறது. வேண்டாம்.)

மூன்றாவது, பிழைத்துக்கொண்டது:

சனிக்கிழமை மாலை தன் பட்டறையில் சாஹிரா ஜென்சியின் பைக் எஞ்சினை மூடிக்கொண்டிருந்தாள். ஜென்சி நாவலூரில் வேலை பார்ப்பவள். விடிந்ததும் நாகர்கோவிலுக்குத் தனியாகக் கிளம்புகிறாள், அவ்வளவு தூரம் வண்டியில் போவது இதுதான் முதல் தடவை. ஊரில் இருக்கும் அம்மா தபீதாளிடம் மூச்சுவிடவில்லை. வாசலில் போய் ஹாரன் அடிக்கத் திட்டம்.

கிராங்க் தண்டைச் சுற்றி உட்காரும் சீலின் உதட்டில், அதாவது உள்விளிம்பில், சாஹிரா எஞ்சின் ஆயிலையே தொட்டுவைத்தாள். வறண்ட உதடு முதல் ஓட்டத்திலேயே தேய்ந்துவிடும். பிறகு எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் ஓடும் குழாய்க்கான வளையத்தை எடுத்தாள். ஆயிலைத் தடுக்கும் அந்தச் சீலும் இதுவும் ஒரே கவரில் வந்தவை, இரண்டும் கறுப்பு. வீல் கிரீஸை விரலில் வழித்துப் பூசி உள்ளே உட்காரவைத்தாள். ஜோடியையும் அதே கிரீஸோடு பாட்டிலில் போட்டு மூடினாள்.

(அந்த உதட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தண்டு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழல்கிறது. ரப்பர் அதைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. நடுவில் தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம். அது இருக்கும்வரை எஞ்சினின் எண்ணெய் வெளியே வராது, ஜி.எஸ்.டி. ரோட்டுப் புழுதி உள்ளே போகாது. இதை எழுதிவிட்டு நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். நம் தெருவில் போகும் ஒவ்வொரு வண்டிக்குள்ளும் இது நடக்கிறது.)

3

எழுதிய பெருமையில் பட்டறைக்குப் போய் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். வீல் கிரீஸ் வந்த இடத்தில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அலமாரியிலிருந்து இரண்டு பாட்டில்களை இறக்கினார். இரண்டிலும் கூலண்ட் வளையம்தான். சிலிகான் கிரீஸில் கிடந்தது போட்டபடியே இருந்தது. வீல் கிரீஸில் கிடந்தது ஊறிய கொண்டைக்கடலை மாதிரி உப்பி, நகம் பட்டால் பிய்ந்துவிடும் போலிருந்தது.

ஆயில் சீலின் ரப்பர் வேறு, அதற்கு வீல் கிரீஸ் ஒன்றும் செய்யாது. கூலண்ட் வளையத்தின் ரப்பர் அந்தக் கிரீஸில் இருக்கும் எண்ணெயைக் குடித்து வீங்கும், பள்ளத்தை விட்டுப் பிதுங்கும், கூலண்ட் ஒழுகும், எஞ்சின் கொதிக்கும். சிலிகான் கிரீஸ் இல்லாவிட்டால் கூலண்டிலேயே நனைத்துப் போட வேண்டுமாம். ஆனால் சிலிகான் ரப்பரிலேயே செய்த வளையம் ஒன்று உண்டாம். அதற்குச் சிலிகான் கிரீஸே ஆகாதாம். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இத்தனை வளையங்களுக்குள் இவ்வளவு பிடிவாதமா என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அக்காவுக்கு என் வியப்பில் அக்கறை இல்லை. "அந்தப் பொண்ணு இப்போ எங்க சார் போய்க்கினு கீது?" என்றார்.

கதைதானே, அந்த வரியை அடித்துவிடுகிறேன் என்றேன்.

"அடிச்சா போச்சா? உள்ள வெச்சது வெச்சதுதான் சார். போன் பண்ணி நிறுத்தச் சொல்லுங்க."

4

ஆக, தப்பு சாஹிராவுடையது இல்லை. எனக்குத் தெரியாததை அவள் விரலில் பூசியவன் நான். வரியை அடிக்காமல் விட்டிருக்கிறேன், மேலே இரண்டாம் பகுதியில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

முடிவுகள்:

அ) மேல்மருவத்தூர் தாண்டியதும் எஞ்சின் இறுகி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு (என்னால் முடியாது.)

ஆ) ஒன்றும் ஆகவில்லை. ஜென்சி வாசலில் ஹாரன் அடித்தாள். (அக்கா முகத்தில் விழிக்க முடியாது.)

இ) ஞாயிறு காலை, கடையைத் திறந்ததும் சாஹிரா வழக்கம்போல முந்தைய நாள் பாட்டிலை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள். வளையம் உப்பியிருந்தது.

தன் வாயால் சொன்னால் கடையின் பெயர் என்னாகும் என்ற நினைப்பு வரத்தான் செய்தது. அது முடிவதற்குள் விரல் ஜென்சியின் எண்ணை அழுத்தியிருந்தது. அவள் எடுத்ததும் சொல்லவேண்டியதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள்: "ஜென்சி, வண்டிய ஓரங்கட்டு. நான்தான் தப்பாப் போட்டுட்டேன். வந்துகினே கீறேன்."

மணி அடிக்கிறது. ஜென்சியின் போன் முதுகுப்பையில், மாற்றுத்துணிக்கு அடியில் கிடக்கிறது. பையைக் கட்டியவனும் நான்தான். எண்பதில் போகிறவளுக்குக் கேட்காது.

என் கை எட்டுவது இவ்வளவுதான். நீங்கள் செங்கல்பட்டுப் பக்கம் எங்கேயாவது டீக்கடை வாசலில் நின்று இதைப் படித்துக்கொண்டிருந்தால், கொஞ்சம் ரோட்டைப் பாருங்கள். நீல வண்டி, தனியாக ஒரு பெண், எஞ்சினுக்கு அடியில் பச்சையாக ஒரு சொட்டு கூலண்ட். கையைக் காட்டி நிறுத்துங்கள். சாஹிரா இன்னும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.