கூப்பிடாமல் வந்தவர்

ராணியின் உடலைக் குளிப்பாட்டி முடித்துப் புதுப்புடவை சுற்றிய பெண்கள், நெற்றிக்குக் குங்குமமா திருநீறா என்று தெரியாமல் கையை நிறுத்தினார்கள். கயல்விழிக்கு மூன்று வயதிருக்கும்போது வீட்டைவிட்டுப் போன அப்பா, திருப்பூரில் வேறொருத்தியோடு உயிரோடுதான் இருக்கிறார்.

"குங்குமமே வைங்க. அம்மா தெனமும் வச்சதுதான்" என்று சொல்லிவிட்டு, மறைப்புத் துணியை விலக்கி வெளியே வந்தாள் கயல்விழி. அப்போதுதான் தெருமுனையில், நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு அந்தப் பக்கம், மாலையும் கையுமாகக் கொளஞ்சிநாதன் நிற்பதைப் பார்த்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது.

பதினேழு வருசத்துக்கு முன்னால், கயல்விழியின் அம்மா வேலை பார்த்த பீங்கான் கம்பெனியில் அவர் சூளை பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியை இழந்தவர். ஷிப்ட் முடிந்து நேரமானால் அம்மாவை வண்டியில் கொண்டுவந்து விடுவார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழமும் பூவுமாக வந்து உட்கார்ந்தவர், பதினாறு வயதுக் கயல்விழியைப் பெரிய மனுசிபோல நினைத்துக் கேட்டார்.

"ஒங்கம்மாவ நான் கட்டிக்கணும்னா, நீ சரின்னு சொல்லணும்மா."

"எங்கம்மாவுக்கு ஆம்பள கேக்குதுன்னா, நான் செத்த பொறவு கட்டிக்கச் சொல்லுங்க."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. சற்று நேரம் கழித்து அம்மா வந்து, குனிந்த தலை நிமிராமல் அவர் முன்னால் டீயை வைத்தாள். அவர் குடித்துவிட்டுப் போனார். அடுத்த வாரமே அம்மா வேறு கம்பெனிக்கு மாறிக்கொண்டாள். அதைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சும் எழவில்லை. பகலெல்லாம் பீங்கான் பொம்மைக்குச் சாயம் பூசி, விடுமுறை நாளில் பஸ் ஸ்டாண்டில் அதே பொம்மைகளை விற்று, மகளை டீச்சருக்குப் படிக்கவைத்தாள்.

பெண்ணாடத்தில் கட்டிக்கொடுத்த இடம் சரியில்லாமல், எட்டு மாதக் குழந்தையோடு கயல்விழி திரும்பி வந்தபோதும் அம்மா ஏன் என்று கேட்கவில்லை. குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். போன பொங்கலுக்குப் பேத்தி தமிழினிக்குத் தலை பின்னிவிட்டபடியே சொன்னாள்:

"நல்ல மனுசனா ஒருத்தன் அமைஞ்சா கட்டிக்க கயலு. புள்ளைக்காவன்னு தனியாவே இருந்துடாத."

கொடியில் துணி எடுக்கப் போவதுபோலக் கயல்விழி எழுந்து போய்விட்டாள். மன்னிப்புக் கேட்க அன்றைக்கும் வாய் வரவில்லை. நேற்று வேலையிடத்திலேயே அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாள்.

"யாரு கயலு அங்க நிக்கிறது?" என்றார் தாய்மாமன் பழமலை.

"அம்மாகூட வேல பாத்தவங்க" என்றாள். சொன்னதும் உடம்பு கூசியது.

வாய்க்கரிசி போட ஆட்கள் வரிசையாக வந்தார்கள். கடைசி ஆளும் போட்டு முடிக்க, இனி தூக்கலாம் என்றார் பழமலை. "கொஞ்சம் இருங்க மாமா" என்று சொல்லிவிட்டு, ஊரே பார்க்கக் கயல்விழி தெருமுனைவரை நடந்தாள்.

"உள்ள வாங்க. வாய்க்கரிசி போடணும்."

"வேணாம்மா. எம்பொண்ணு கண்ணுல இனிமே படாதீங்கன்னு ஒங்கம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்க. கடைசில நின்னு, பின்னாடியே ஆத்தங்கரைக்கு வந்துட்டுப் போறேன்."

"நான்தான கூப்புடறேன்" என்றாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு அவர் வந்தார். பழமலை ஒதுங்கி வழிவிட்டார். கொளஞ்சிநாதன் மாலையைப் போட்டுவிட்டு, அரிசியை அள்ளி வாயருகே விட்டார். இரண்டு மணிகள் தவறி ராணியின் கன்னத்தில் ஒட்டிக்கொண்டன. துடைக்கப்போனவர், விரல் பாதியில் நிற்க, கயல்விழியைப் பார்த்தார்.

அவள் தலையசைத்துவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.