மேனுகாவின் குளிசை

வவுனியாவில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்த சுதாஜினி, செய்தி கேட்டதும் உடுத்த சேலையோடு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். மகள் மேனுகா வாட்டில் கண்ணை மூடிக் கிடந்தாள். வாய்க்காலில் குளித்துக்கொண்டிருக்கும்போது வலிப்பு வந்து தண்ணீருக்குள் போய்விட்டாளாம். தகப்பன் செந்தூரன் பாய்ந்து இழுத்தெடுத்திராவிட்டால் அன்றைக்கு இன்னொரு செத்தவீடு நடந்திருக்கும். உயிருக்குப் பயமில்லை என்று டொக்டர் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் சுதாஜினிக்குக் கோபப்பட மூச்சு வந்தது.

"காலமை பிள்ளை வலிப்புக் குளிசை குடிச்சதோ?" என்று புருஷனைக் கேட்டாள்.

செந்தூரன் தலையைக் குனிந்தான். "அதை நான் அடுப்புக்குள்ள போட்டிட்டன்."

"விசரே உங்களுக்கு?" அடிக்கவே கை எழும்பிவிட்டது.

"நீர்தானே சபையில எல்லாருக்கும் முன்னால சொன்னனீர், பிள்ளைக்குச் சுகம் வந்திட்டுது, இனிக் குளிசை வேண்டாம் எண்டு. நேற்றுப் பிள்ளையின்ர கையில அதைக் கண்டன். அறியாமல் பழசை எடுத்துக் குடிக்குதாக்கும் எண்டு நினைச்சன். உம்மட கடவுளுக்கு நீர் குடுத்த வாக்கு என்னால கெடக்கூடாதெல்லோ."

எழும்பிய கை அந்தரத்தில் நின்றது. இந்த மனுசனை என்ன சொல்லி ஏசுவது?

சுதாஜினி போய்வரும் அந்தக் கிறிஸ்தவ சபையில் ஒரு வழக்கம் இருந்தது. சுகம் வந்த பிறகு சாட்சி சொல்வதெல்லாம் சின்ன விசுவாசமாம். வருவதற்கு முன்பே வந்துவிட்டது என்று மேடையேறிச் சொல்வதுதான் பெரிய விசுவாசமாம். "கர்த்தர் குடுக்கிறார். வாங்கிறதும் விடுறதும் உங்கட கையில" என்பார் பாஸ்டர் அஜந்தன். குளிசை குடிப்பது கர்த்தர் நீட்டுகிற கையைத் தட்டிவிடுவதாம். ஆகவே சாட்சி சொல்ல வருகிறவர்கள் தங்கள் மருந்தை மேடையில் இருக்கும் வாளிக்குள் கொட்ட வேண்டும். பாஸ்டரின் மூக்குக்கண்ணாடி மட்டும் ஒருநாளும் அந்த வாளிக்குள் விழுந்ததில்லை.

சுதாஜினி மாட்டேன் என்றுதான் சொல்லிப் பார்த்தாள். ஸ்கந்தபுரத்திலிருந்து அவளோடு பஸ்ஸில் சபைக்கு வருகிற பெண்கள், "உம்மாலதான் பிள்ளைக்குச் சுகம் பிந்துது" என்று முகத்துக்கு நேரே சொல்லத் தொடங்கினார்கள். பெற்றவளிடம் சொல்லுகிற கதையா அது? கடைசியில் மேடையேறினாள். வலிப்புக் குளிசைக்குப் பதிலாக விற்றமின் குளிசைகளை வாளிக்குள் கொட்டிவிட்டு, மகள் சுகமாகிவிட்டாள் என்று அழுதழுது சொன்னாள். மண்டபமே கைதட்டியது. வலிப்புக் குளிசையைக் குசினியில் பழைய பால்மாப் பேணிக்குள் ஒளித்து வைத்து, விற்றமின் என்று சொல்லி மகளுக்குக் கொடுத்துவந்தாள். கிளினிக்குக்கும் யாருக்கும் தெரியாமல் போய்வந்தாள். கர்த்தரை அவள் நம்பாமல் இல்லை. குளிசை விஷயத்தில் பாஸ்டரைத்தான் நம்பவில்லை.

செந்தூரன் சைவக்காரன், சபைக்குப் போகாதவன். அன்றைக்கு மட்டும் அவளைக் கூட்டிக்கொண்டு போக வந்து பின்கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். "என்ர மனுசியின்ர கடவுள் பிள்ளையைச் சுகப்படுத்திட்டார்" என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தான். அவ்வளவு சந்தோஷப்பட்ட மனுசனிடம் அது பொய் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. செத்தவீட்டுக்குப் போகும்போதுகூட, குளிசைகளைப் பேப்பரில் சுற்றி மகளிடம் கொடுத்துவிட்டுத்தான் போனாள். முன்பு கிளினிக்கில் அவற்றை வாங்கிவந்தவனே செந்தூரன்தான். நிறத்தைக் கண்டாலே அவனுக்குத் தெரியும் என்பதை அவள் யோசிக்கவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் பாஸ்டர் அஜந்தன் வந்து சேர்ந்தார். ஒரு கையில் வேதப்புத்தகம், மறுகையில் தோடம்பழப் பை. மேனுகாவின் நெற்றியில் கைவைத்து ஜெபித்தார். பிறகு சுதாஜினியின் பக்கம் குனிந்தார்.

"மனம் உடையாதேங்கோ சிஸ்டர். உங்கட சாட்சியில பிழையில்லை. வீட்டுக்குள்ள ஒரு அவிசுவாசம் இருக்கு." கண்ணால் செந்தூரனைக் காட்டினார். "அவர் கதவைப் பூட்டி வைச்சிருக்கேக்க கர்த்தர் எப்பிடி உள்ள வாறது?"

அது செந்தூரனுக்கும் கேட்டது. ஏதோ குற்றம் செய்தவன் மாதிரிச் சுவரோடு ஒதுங்கினான். அதைக் கண்டதும் சுதாஜினி பாஸ்டரின் பக்கம் திரும்பினாள்.

"ஆர் பாஸ்டர் நம்பாதது? என்ர வீட்டில நீங்கள் சொன்னதை நம்பின ஒரேயொரு ஆள் அந்த மனுசன்தான். நம்பித்தான் குளிசையை அடுப்புக்குள்ள போட்டவர். அதாலதான் என்ர பிள்ளை தண்ணிக்குள்ள போனது!"

"சத்தம் போடாதேங்கோ சிஸ்டர். ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும்! மேடையில ஏறி நான் பொய் சொல்லேக்கையும் பாத்தவைதானே? உங்கட வாளிக்குள்ள நான் கொட்டினது விற்றமின். வலிப்புக் குளிசையை நான் ஒருநாளும் நிப்பாட்டேல்லை."

பாஸ்டரின் முகம் கறுத்தது. "அப்ப நீங்கள்தான் கர்த்தரிட்ட வாங்க மறுத்திருக்கிறீங்கள்."

"வாங்கினனான்! ஒவ்வொரு நாளும் வாங்கினனான். அந்தக் குளிசையும் அவர் தந்ததுதான். முழங்காலில நிண்டு நன்றி சொல்லித்தான் பிள்ளைக்குக் குடுத்தனான். அதைக் களவு மாதிரி ஒளிச்சுக் குடுக்க வைச்சது நீங்கள். அவர் நீட்டின கையைத் தட்டிவிட்டது நானோ, நீங்களோ?"

தன் பொய்யும் சேர்ந்துதான் பிள்ளையைத் தண்ணீருக்குள் தள்ளியது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் குரல் இன்னும் உயர்ந்தது.

சத்தம் கேட்டு மேனுகா கண் விழித்தாள். நேர்ஸ் வந்து, "பிள்ளையைக் குடிக்க வையுங்கோ" என்று குளிசையைச் செந்தூரனின் கையில் வைத்துவிட்டுப் போனாள். அவன் அதைக் கொடுக்காமல் மனைவியைப் பார்த்தான்.

"குடுக்கலாமோ? உம்மட கடவுள் கோவிக்க மாட்டாரோ?"

அந்தக் கேள்வி அவளை உயிரோடு கொன்றது. குளிசையை வாங்கி உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடாமலே உரத்து ஜெபித்தாள்.

"கர்த்தாவே, இந்தக் குளிசைக்கு நன்றி. இதைத் தந்த நேர்ஸ் மிஸ்ஸுக்கு நன்றி. தண்ணிக்குள்ள பாய்ஞ்ச இந்த மனுசனுக்கு நன்றி. நான் சொன்ன பொய்யை மன்னியும்."

மேனுகா குளிசையை விழுங்கினாள். பாஸ்டர் வேதப்புத்தகத்தைக் கமக்கட்டுக்குள் செருகிக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார். சுதாஜினி போய் வழியை மறித்து நின்றாள்.

"ஜெபம் முடிஞ்சுது. ஆமென் சொல்லிட்டுப் போங்கோ."

வாட்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பாஸ்டர் உதட்டை அசைத்தார்.

"கேக்கேல்லை" என்றாள் சுதாஜினி.