விண்கலத்தில் இருந்த கிண்ணம்

"இந்தப் பிரபஞ்சத்தில் சத்தியம் என்று ஒன்று உண்டென்றால் அது கண்டினியூட்டிதான்! ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்க வேண்டும்!" என்று முழங்கினார் பல் டாக்டர்.

மைக் வேலை செய்யவில்லை. மருந்துக்கடைக்காரர் எழுந்து வந்து சுவிட்சைத் தட்டிவிட்டுப் போனதும் அதே சத்தியத்தை இன்னொரு முறை முழங்க வேண்டியதாயிற்று. முதல் தடவை வலது கையை உயர்த்தியவர் இந்தத் தடவை இடது கையை உயர்த்தினார். அதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் அந்த அறையில் அவர்தான்; அவர் பேசிக்கொண்டிருந்தார்.

மருந்துக்கடை மாடியில் திரைப்பட ரசிகர் மன்றத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அது. பழைய தலைவர் மகள் வீட்டோடு போய்விட்டதால் அன்றைக்கே புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போட்டி இரண்டு பேருக்கு. மருந்துக்கடைக்காரரின் தகுதி, மாடியும் மின்விசிறியும் அவருடையவை என்பது. பல் டாக்டரின் தகுதி, அவருடைய கண். முந்தின ஷாட்டில் பாதி எரிந்திருந்த மெழுகுவர்த்தி அடுத்த ஷாட்டில் முழுசாக நின்றால் அவருக்கு அன்று சோறு இறங்காது. மன்றத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயரை அவர் விருதாகவே எடுத்துக்கொண்டார். 'மன்றத் தலைவர்' என்று கிளினிக் வாசலில் மாட்டப் பலகைகூடத் தயார். ஓட்டுக்கு ஆகட்டும் என்று சொந்த அக்காவையும் போன மாதம் உறுப்பினராகச் சேர்த்துவிட்டிருந்தார். அக்கா கடைசி வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

எதிராளியை ஒரே அடியில் சாய்க்க அவர் தேர்ந்தெடுத்த ஆயுதம் 'விண்வெளி வீராதிவீரன்' என்ற பழைய படம். கையில் காசில்லாதவர்கள் அட்டையையும் ஜிகினாத்தாளையும் நம்பிச் செவ்வாய்க்குக் கிளம்பிய கதை. அதை வீட்டில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து நூற்றெட்டுக் குற்றம் கண்டுபிடித்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் குமட்டியது. குமட்டக் குமட்ட மறுபடியும் பார்த்தார். இப்போது அதை மாடிச் சுவரில் ஓடவிட்டார்.

"இதோ பாருங்க, செவ்வாய் கிரகம். பின்னால கொடியில பனியன் காயுது. அடுத்த ஷாட்ல பனியனைக் காணோம். காஞ்சிருச்சு போல! கேப்டனோட மீசையைப் பாருங்க. இடது பக்கம் பேந்து தொங்குது. இப்போ வலது பக்கம். தூ! இதெல்லாம் ஒரு படம்!"

உறுப்பினர்கள் சிரித்தார்கள். சிரிப்பு ஓட்டாக மாறுவது டாக்டருக்குக் கண்ணெதிரே தெரிந்தது. ரிமோட்டை அழுத்திப் பெரிய குற்றத்துக்கு வந்தார்.

"கேப்டனோட சிம்மாசனம். ஜிகினாத்தாள் சுத்தி, குழாயெல்லாம் வெச்சு, ஏதோ பண்ணியிருக்கானுங்க. அதுல உக்காந்து சுடுறான். தலையைத் திருப்புறான். அடுத்த ஷாட்ல பாருங்க, மர ஸ்டூல்! கையில மட்டும் அந்தக் குழாய் அந்தரத்துல தொங்குது. எனக்கு வாந்தியே வந்துருச்சுங்க. நடுவுல நாற்காலியைத் தூக்கிட்டுப் போனவன் எவன்? அந்த மடையனை நிக்க வெச்சுக் கேக்கணும்."

"அப்பாவைத் திட்டாதடா," என்றாள் அக்கா.

"அக்கா, கூட்டத்துல வீட்டு விஷயம் எதுக்கு?"

"நீ கேட்டதுக்குத்தான்டா சொல்றேன். அது நம்ம கிளினிக் நாற்காலி. சினிமாக்காரங்க கேட்டாங்கன்னு அப்பா கழட்டிக் குடுத்தார். பாதிப் படப்பிடிப்புல உனக்குப் பல்வலி. வேற எதுல உக்கார வெச்சாலும் வாயைத் திறக்க மாட்டேன்னு உருண்டு புரண்டு அழுத. அப்பா வண்டி பிடிச்சுப் போய்த் தூக்கிட்டு வந்துட்டார். அந்தக் கேப்டன் பாவம், மீசையை ஒட்டிக்கிட்டு வர்றதுக்குள்ள நாற்காலியைக் காணோமாம்."

மாடி அதிர்ந்தது. மருந்துக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்போ நூத்தெட்டுல பெரிய குத்தம் நம்ம டாக்டர் பண்ணதா?"

டாக்டரும் சிரித்துவைத்தார். சின்ன வயசு விஷயம், சமாளித்திருக்கலாம். ஆனால் முன்வரிசையில் வங்கி மேனேஜரம்மா கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு டாக்டரிடம் பல்வேர் சிகிச்சை பாதியில் நின்றிருந்தது.

"டாக்டர், அந்த ஸ்டூல் பக்கத்துல வெள்ளையா ஒண்ணு இருக்கே. அதைக் கொஞ்சம் பெரிசாக்குங்க."

பெரிதாக்கச் சொன்னால் அவருக்குக் கை நிற்காது. அழுத்திவிட்டார்.

சுவர் நிறைய ஒரு எச்சில் துப்பும் கிண்ணம். விளிம்பில் பீங்கான் பெயர்ந்து வாத்து வடிவத்தில் ஒரு சில்லு. அந்த அறையில் இருந்த எல்லோரும் டாக்டரின் கிளினிக்கில் வாயில் பஞ்சோடு குனிந்து அந்த வாத்தை முகத்துக்கு முகம் பார்த்தவர்கள். டாக்டர் மட்டும் அதைப் பார்த்ததில்லை. அவர் கண் மாறியதைத்தான் பிடிக்கும். மாறாமல் கிடப்பதைப் பார்க்கும் பழக்கம் அதற்கு இல்லை. அத்தனை பெரிய படத்தில் கண்டினியூட்டி தவறாத பொருள் அது ஒன்றுதான்.

படம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. மூலையில், உடம்பெல்லாம் பச்சைச் சாயம் பூசிய செவ்வாய்வாசி ஒருவன், கேமரா தன்னைப் பார்க்காது என்ற தைரியத்தில், அந்தக் கிண்ணத்தில் காலைத் தூக்கி வைத்துக் கழுவிக்கொண்டிருந்தான்.

யாரோ "உவ்வே" என்றார்கள்.

"போன வருஷம்தான் எல்லாம் புதுசா வெளிநாட்டுல இருந்து இறக்கினேன்னு சொன்னீங்களே?" என்றார் மேனேஜரம்மா.

"நாற்காலிக்கு உறை புதுசு மேடம்..."

"நான் கிண்ணத்தைக் கேக்குறேன்."

"ஒரே மாதிரி ஆயிரம் கிண்ணம் செய்வாங்க மேடம். அது வேற, இது வேற."

"வாத்துமா ஆயிரம் செய்வாங்க?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

கை தூக்கி ஓட்டெடுத்தார்கள். மருந்துக்கடைக்காரருக்குத் தூக்கிய கைகளை எண்ணத் தேவையே இருக்கவில்லை. கடைசி வரிசையிலும் ஒரு கை நிதானமாக மேலே போயிருந்தது.

"அக்கா, நீயுமா?"

"கோவிச்சுக்காதடா. நானும் அதுலதானே துப்புறேன்."

மறுநாள் காலை முதல் நோயாளி வருவதற்கு முன் டாக்டர் கிளினிக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு கிண்ணத்தைக் கழற்றிக் கவிழ்த்தார். அடியில் பச்சைச் சாயம் இருந்தது.